தமிழுக்கு மாணவராய் வந்த போர்த்துகீசியர்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர்க்கு முதலில் வந்து நிற்பது அச்சம். பள்ளியில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் படித்த பின்னும், கல்லூரி வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல நா எழாமல் தவிப்போர் நம்முள் பலர். ஆத்தூரிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் பரமத்தியிலிருந்தும் தமிழ் வழியில் படித்து வருவோர்க்கு இது புதிய செய்தி அன்று. நமக்கேனும் அகராதி உண்டு. இலக்கண நூல் உண்டு. ஐயம் கேட்க ஆசிரியர் உண்டு. இவற்றுள் ஒன்றும் இல்லாமல், தன் நாட்டிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில் உள்ள ஒரு கடற்கரையில் இறங்கி, அங்குள்ளோர் மொழியைக் காதால் கேட்டுக் கேட்டே கற்று, கற்றதற்குத் தானே இலக்கணமும் எழுதிக்கொண்ட ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர் பேசிய மொழி போர்த்துகீசியம். கற்ற மொழி நம் தமிழ். அவர் பெயர் என்றிக்கே என்றிக்கஸ். தமிழ் அச்சு வரலாறு படித்தோர் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அறிவர்.

போர்த்துகல் நாட்டின் கிழக்குப் பகுதியில், ஸ்பெயின் எல்லைக்கு அண்மையில், விலா விசோசா என்றோர் ஊர் உண்டு. அங்கே 1520-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர். போர்த்துகலில் வாழ்ந்த யூதர்கள் 1497-இல் அரசாணையால் கட்டாயமாகக் கிறித்தவர் ஆக்கப்பட்டனர். அவர்களும் அவர்கள் வழிவந்தோரும் 'புதுக் கிறித்தவர்' என்று தனியே பெயரிடப்பட்டு, ஐயக் கண்ணோடு பார்க்கப்பட்டனர். சமய விசாரணை மன்றம் 1536-இல் அந்நாட்டில் ஏற்பட்ட பிறகு அந்தப் பார்வை இன்னும் கொடிதாயிற்று. இளைஞர் என்றிக்கஸ் துறவியாக விரும்பிப் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். அவருடைய மரபு தெரிந்ததும் சபையினர் அவரை வெளியேற்றிவிட்டனர். குலம் கேட்டு வாயிலை மூடும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொண்டிருப்போர் இதை அறிய வேண்டும்.

பின்னர் அவர் கோயம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1540-இல் ஒப்புதல் பெற்றிருந்த இயேசு சபை அப்போது இளம் சபை. அதன் தலைவரான இஞ்ஞாசியார், ஒருவரின் பிறப்பைக் காட்டிலும் அவருடைய தகுதியைப் பார்த்தவர். 1545-இல் அச்சபை என்றிக்கஸை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். 1547-இல் சவேரியாரின் ஆணைப்படி முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27.

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று நீளும் அக்கடற்கரையில் வாழ்ந்த பரதவ மக்கள் 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிறித்தவம் தழுவியிருந்தனர். முத்துக்குளிப்பில் ஏற்பட்ட பகையும், அதில் போர்த்துகீசியரின் துணையை நாடியதும் அதற்குக் காரணங்கள். மதம் மாறினார்களே தவிர, மாறிய மதத்தைத் தம் மொழியில் எடுத்துச் சொல்வார் அவர்களுக்கு இல்லை. 1542-இல் வந்த சவேரியார், இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்து வழிபாட்டு உரைகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, மணி அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று சொல்லிக் கொடுத்தார். அவர் ஊக்கம் பெரிது. அவர் கற்ற தமிழ் சிறிது.

இங்கே ஒரு சொல்லின் கதையைச் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை அறிக்கையில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் அந்த முதல் மொழிபெயர்ப்பில் 'வேணும்' என்ற சொல் நுழைந்துவிட்டது. நம்புகிறேன் என்று சொல்லவேண்டிய மக்கள் வேண்டும் வேண்டும் என்று ஓதிக்கொண்டிருந்தனர். 1544-இல் சவேரியாரே இப்பிழையை உணர்ந்து, அச்சொல்லை மாற்றி 'விசுவாசம்' என்பதைச் சேர்க்கும்படி தம் தோழருக்குக் கடிதம் எழுதினார். அகராதி இல்லாத நிலையில் ஒரு சொல் என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

அண்டிரிக் அடிகளார் கரையிறங்கியபோது அவருக்கும் துப்பாசிதான் துணை. துப்பாசி என்பவர் இரு மொழி அறிந்து இடைநின்று பேசுபவர். வாணிகத்துக்கு அவர் போதும். மீனுக்கும் முத்துக்கும் விலை பேச இருநூறு சொற்கள் இருந்தால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அடிகளாரின் தொழில் வேறு. ஒருவன் தன் மனத்தில் உள்ள குற்றத்தைத் தனியே வந்து குருவின் காதில் சொல்லி மன்னிப்புப் பெறுவது அச்சமயத்தின் வழக்கம். குருவுக்கு மொழி தெரியாது. நடுவில் துப்பாசி உட்கார்ந்திருக்கிறான். அவனும் அதே ஊர்க்காரன். அண்டை வீட்டுக்காரனாகவும் இருக்கலாம். கணவனுக்கும் சொல்லாத செய்தியை ஒரு பெண் இவன் வாய்வழியாகச் சொல்ல வேண்டும்! சொல்வாளா? சொன்னாலும் அவன் அதை எப்படிப் பெயர்த்தான் என்று யார் அறிவார்? தாம் தமிழ் கற்காதவரை தம் பணி பாதிப் பணியே என்று அடிகளார் துணிந்தது இதனால்தான் எனக் கருதலாம்.

கற்றல் எளிதாக நடக்கவில்லை. அவர் இலத்தீன் அறிந்தவர். ஐரோப்பியர் சிறுவயதில் இலத்தீனைக் கற்பதற்கு ஒரு முறை உண்டு: பெயர்ச்சொல்லை வேற்றுமை வேற்றுமையாகவும், வினைச்சொல்லைக் காலம், இடம், எண் என்றும் அடுக்கி, ஏடு போட்டு ஓதுவர். அடிகளார் தமிழையும் அப்படியே பிடித்துப் பார்த்தார். ஒரு வினையை எடுத்துக்கொண்டு அதன் இறந்தகாலம் எது, எதிர்காலம் எது, எச்சம் எது என்று ஊராரைக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். பெயர்ச்சொல்லுக்கு உருபுகளைத் தேடினார். வாக்கியத்தில் எது முன்னே வரும், எது பின்னே வரும் என்று குறித்தார். இவ்வாறு பட்ட பாட்டை ரோமிலிருந்த தம் தலைவர் இஞ்ஞாசியாருக்கு 1548-லும் 1549-லும் எழுதிய கடிதங்களில் விவரித்திருக்கிறார். சில மாதங்களில் துப்பாசியைப் பெரும்பாலும் விட்டுவிட்டுத் தாமே பேசத் தொடங்கினார். தொடக்கத்தில் தாம் தமிழில் சொல்வதை உள்ளூரார் ஒருவரைக்கொண்டு திருத்தமாக மறுபடி சொல்லச் செய்வதும் உண்டு. தம் உச்சரிப்பில் தமக்கே இருந்த ஐயத்தை மறைக்காமல் அதற்கொரு வழி கண்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு போர்த்துகீசியருக்குத் தமிழில் எவை எவை தடுக்கும் என்பதை நாம் சிறிது நின்று காண்பது நல்லது. ஏனெனில் அவர் இடறிய இடங்களே, திசை மாற்றிப் பார்த்தால், ஆங்கிலத்தில் நாம் இடறும் இடங்கள். போர்த்துகீசியமும் ஆங்கிலமும் பல வகையில் ஒரே குடும்பத்தின் நடை உடையவை.

போர்த்துகீசியத்தில் பெயருக்கு முன்னே 'ஓ' அல்லது 'ஆ' என்று ஒரு சிறு சொல் நிற்கும். ஆங்கிலத்தில் 'தி' நிற்பது போல. தமிழில் அது இல்லை. அவர் இல்லாத ஒன்றைத் தேடித் திகைத்திருப்பார்; நாம் இருக்கும் ஒன்றைப் போட மறந்து திகைக்கிறோம். வீட்டில், வீட்டுக்கு, வீட்டை என்று நாம் சொல்லின் வாலில் கட்டுவதை அவர் சொல்லின் தலையில் வைத்துப் பழகியவர். வினையை நாம் கடைசியில் சொல்வோம். அவர் நடுவில் சொல்வார். 'நேற்று வந்த பையன்' என்று நாம் பெயருக்கு முன்னேயே முழுச் செய்தியையும் வைத்துவிடுவோம். அவரோ 'பையன்' என்று தொடங்கி, 'எவன் என்றால் நேற்று வந்தவன்' என்று பின்னால் தொங்கவிடுவார். ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' எழுதும்போது நம் பேனா தயங்கும் இடம் இதுவே.

பசியைப் பாருங்கள். நமக்குப் பசி 'எனக்கு'ப் பசிக்கிறது. போர்த்துகீசியர் 'தேன்யோ ஃபோமெ' என்பர்; பசியை நான் உடையேன் என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் 'ஐ ஆம் ஹங்க்ரி' என்பர். அங்கே ஆளே பசியுள்ளவனாகி நிற்கிறான். எனக்குத் தெரியும், எனக்குப் புரியும், எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று நான்காம் வேற்றுமையில் அடக்கமாக நிற்கும் தமிழன், ஆங்கிலத்தில் 'ஐ' என்று முன்வந்து எழுவாயாக நிற்கவேண்டியிருக்கிறது. 'நான்' என்று தொடங்கியே பழகிய போர்த்துகீசியர் தமிழில் பின்வாங்கி 'எனக்கு' ஆக வேண்டியிருந்தது.

'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் நமக்கு இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். போர்த்துகீசியத்தில் இரண்டுக்கும் 'நோஸ்' ஒன்றே. ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றே. கூடியிருக்கும் மக்களை நோக்கி 'நாங்கள் இறைவனின் பிள்ளைகள்' என்று வெளிநாட்டுக் குரு சொல்லிவிட்டால், கேட்டவர் மனம் என்ன ஆகும்! ஓரெழுத்து உருபில் ஊரே வெளியே நின்றுவிடும். இனி திணை. அவர் மொழியில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். தமிழில் அவை இரண்டும் அஃறிணை. ஆனால் மனிதரைக் குறிக்க அவன், அவள், அவர் என்ற மரியாதைப் படிகளைத் தவறாமல் ஏறி இறங்க வேண்டும். ழகர, ளகர, றகர, ணகரங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? தமிழ்நாட்டிலேயே நம்முள் எத்தனை பேர் ழகரத்தைச் சரியாக ஒலிக்கிறோம் என்பது தனிக்கதை.

இத்தடைகளைக் கடக்க அடிகளார் கையாண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது. தமிழ் கற்ற குருமார் சிலர் சேர்ந்ததும், தமக்குள் பேசும்போதும் தமிழிலேயே பேசுவது என்று ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டனர். மீறிப் போர்த்துகீசியத்தில் பேசிவிட்டால் தண்டனை உண்டு. 1551-ஐ ஒட்டிய அவருடைய கடிதச் செய்தி இது. போர்த்துகீசியர் இருவர், புன்னைக்காயல் மணலில், வேறு யாரும் கேட்காதபோதும், தட்டுத் தடுமாறித் தமிழில் பேசிக்கொண்டு நடந்த காட்சியை மனத்தில் வரைந்து பார்க்கலாம். தவறாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளாவதைப் பொருட்படுத்தாமல் பேசினார்கள். நம் விடுதி அறைகளில் ஆங்கிலத்துக்கு இப்படியொரு கட்டுப்பாட்டை ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் தண்டத் தொகையிலேயே ஒரு நூலகம் அமைத்துவிடலாம்!

தாம் கண்ட விதிகளை எல்லாம் தொகுத்து அவர் போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அதன் முதல் வடிவம் 1549-க்குள்ளேயே உருவாகிவிட்டது. பின்னர் அதைத் திருத்தி விரித்தார். ஜோவாவ் தெ பாரோஸ் என்பார் 1540-இல் வெளியிட்ட போர்த்துகீசிய இலக்கணம் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. இன்னொரு செய்தியையும் இங்கே ஒப்பிட்டுக் காணவேண்டும். ஆங்கில மொழிக்கு ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட முதல் இலக்கணம் வில்லியம் புல்லோக்கர் என்பாரால் 1586-இல்தான் அச்சாயிற்று. முதல் ஆங்கில அகராதி என்று சொல்லப்படும் ராபர்ட் காட்ரியின் நூல் 1604-இல் வந்தது. நாம் கண்டு அஞ்சும் ஆங்கில இலக்கணம் நூல்வடிவம் பெறும் முன்பே, தமிழைக் கற்க ஐரோப்பியர் ஒருவர் இலக்கணம் எழுதி வைத்திருந்தார். தமிழர்க்குத் தொல்காப்பியமும் நன்னூலும் இருந்தனவே என்றால், இருந்தன. ஆனால் அவை தமிழ் அறிந்தவர்க்குத் தமிழ் சொன்னவை. 'வந்தான்' என்பதை 'வருவான்' ஆக்குவது எப்படி என்று அறியாத ஒருவனுக்கு நன்னூல் நூற்பா உதவாது.

அவர் இலக்கணத்தில் குறைகள் உண்டு. இலத்தீன் சட்டத்துக்குள் தமிழை அடக்கப் பார்த்தது முதற்குறை. சட்டைக்கு ஏற்ப உடம்பை வெட்டுவது போன்றது அது. தமிழில் இல்லாத வினை வகைகளுக்கெல்லாம் இடம் ஒதுக்கித் தமிழ்ச் சொற்களால் நிரப்ப வேண்டியதாயிற்று. அவர் பதிவு செய்தது கற்றோர் நடை அன்று. கடற்கரை மக்களின் பேச்சுத் தமிழ். இதனைக் குறையென்று சொல்லும் புலவர்கள் உண்டு. என் கருத்து வேறு. 16-ஆம் நூற்றாண்டில் ஒரு மீனவர் வீட்டுத் திண்ணையில் தமிழ் எப்படிப் பேசப்பட்டது என்பதைக் கல்வெட்டும் சொல்லாது, காப்பியமும் சொல்லாது. அதை அறிய விரும்பும் மொழியியலார்க்கு இந்த அயலாரின் ஏடு ஒரு புதையல். அவர் ஒரு சொல் தொகுப்பிலும் உழைத்தார். அது நம் கைக்கு வந்து சேரவில்லை.

சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மொழி கற்க முடியாது என்பதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் போர்த்துகீசியரிடமே உண்டு. 1855-இல் பெத்ரோ கரோலினோ என்பார் போர்த்துகீசியர் ஆங்கிலம் கற்க ஓர் உரையாடல் நூல் வெளியிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கவில்லை என்றே ஆய்ந்தோர் முடிவு கட்டியிருக்கின்றனர். போர்த்துகீசிய-பிரெஞ்சு உரையாடல் நூல் ஒன்றையும், பிரெஞ்சு-ஆங்கில அகராதி ஒன்றையும் அருகருகே வைத்துச் சொல்லுக்குச் சொல் எடுத்துப் போட்டார் போலும். விளைந்தது ஆங்கிலம் அன்று. ஆங்கிலேயர் வயிறு குலுங்கச் சிரித்த ஒரு விந்தை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1883-இல் அதன் அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரையே எழுதினார். கரோலினோவுக்கு இரண்டு நூல்கள் இருந்தன. ஆனால் பேசிப் பார்க்க ஆள் இருந்ததாகத் தெரியவில்லை. அடிகளாருக்கு நூல் ஒன்றும் இல்லை. ஒரு கடற்கரை முழுதும் ஆள் இருந்தது.

அவருடைய வாழ்வு ஏட்டோடு மட்டும் கழிந்ததன்று. 1549-இல் அக்கடற்கரைப் பணிக்குத் தலைவராயிருந்த அந்தோணி கிரிமினாலி வேதாளையில் வடுகப் படையினரால் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு அண்டிரிக் அடிகளார் வந்தார். 1576 வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், அப்பொறுப்பு அவர் தோளில் இருந்தது. புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை ஏற்படுத்தினார். மக்கள் தந்த பொருளால் அது நடந்தது. 1550-களின் முற்பகுதியில் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது பகைவர் கையில் சிறைப்பட்டு, துன்புற்று, பின்னர் மீட்கப்பட்டார். 1560-ஐ ஒட்டி மக்களில் ஒரு பகுதியினர் மன்னாருக்குக் குடிபெயர்ந்த காலத்தில் அங்கும் சென்று பணியாற்றினார். உடல்நலம் அவருக்கு எப்போதும் நன்றாக இருந்ததில்லை. இவ்வளவுக்கும் இடையே இலக்கண ஏடும் எழுத்தாணியும் அவரை விட்டு நீங்கவில்லை.

அவர் புகழ் நிலைத்ததற்குக் காரணம் அச்சு. கோவாவுக்கு 1556-இல் அச்சுப்பொறி வந்தது. ஆனால் அதில் இருந்தவை உரோம எழுத்துகள். இதற்கு இரண்டாண்டு முன்பே, 1554-இல், லிஸ்பன் நகரில் ஒரு தமிழ்ச் சமயநூல் அச்சாகியிருந்தது. தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் கொடுத்து அவற்றோடு போர்த்துகீசியப் பொருளும் தந்த நூல் அது. அதைச் செய்தவர்கள் லிஸ்பனில் இருந்த தமிழர் மூவர்: விசென்தெ தெ நசரே, ஜோர்ஜ் கர்வால்யோ, தொமே தா குருஸ். பெயர்கள் போர்த்துகீசியப் பெயர்களாயினும் ஆட்கள் தமிழர். போர்த்துகீசியர் தமிழ் கற்ற அதே காலத்தில் தமிழரும் போர்த்துகீசியம் கற்று, கற்ற ஊரிலேயே நூலும் போட்டுவிட்டனர் என்பதை நாம் பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம்.

தமிழைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்பது அடிகளாரின் வேட்கை. அதற்கான பொருளை முத்துக்குளித்துறை மக்களே தந்தனர். 1577-இல் கோவாவிலும், அது நிறைவு தராமையால் 1578-இல் கொல்லத்திலுமாக எழுத்துகள் வார்க்கப்பட்டன. கொல்லத்து எழுத்தை உருவாக்கியவர் ஜோவாவ் தெ ஃபாரியா. 1578 அக்டோபர் 20-ஆம் நாள் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 16 பக்கமே உள்ள சிறு நூல். இந்திய மொழி எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் அதுவே முதலாவது. அதன் கடைசிப் பக்கத்தில் இருவகை எழுத்துகளும் அடுத்தடுத்துக் காட்டப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் காக்ஸ்டன் 1476-இல் அச்சுக்கூடம் வைத்து நூறாண்டு கடந்ததும் தமிழ் அச்சேறிவிட்டது.

மறு ஆண்டு, 1579-இல், கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. ஆசிரியர் வினவ மாணவர் விடை சொல்லும் முறையில் அமைந்தது அது. 1580-இல் பாவ அறிக்கை செய்வோர்க்கு வழிகாட்டும் 'கொம்பெசியொனாயரு' வந்தது. துப்பாசி நடுவே உட்கார்ந்திருந்த அந்தப் பழைய சிக்கலை அடிகளார் முப்பது ஆண்டுகளாக மறக்கவில்லை என்பது இந்நூலால் தெரிகிறது. 1586-இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல், 669 பக்கம் கொண்டது, வெளிவந்தது. பனையோலையில் எழுதிய வழக்கப்படியே இவ்வெழுத்துகளில் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. படிப்போர் இடம் நோக்கி அறிந்துகொள்ள வேண்டும். வீரமாமுனிவர் வரும் வரை அச்சிக்கல் தீரவில்லை. நடையைப் பொறுத்தவரை, இறைவனைக் குறிக்கத் 'தம்பிரான்' என்ற இனிய தமிழ்ச்சொல்லை எடுத்தவர், பல சடங்குகளுக்குப் போர்த்துகீசியச் சொல்லையே தமிழ் எழுத்தில் பெயர்த்து வைத்துவிட்டார். 'வேணும்' செய்த குழப்பத்தை அறிந்தவர் ஆதலால், தவறான தமிழ்ச்சொல்லைக் காட்டிலும் புரியாத வெளிச்சொல் தீங்கற்றது என்று கருதியிருக்கலாம். இம்முடிவு சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. புரியாத சொல் புரியாததாகவே நின்றுவிடும் அன்றோ?

சமயச் சொற்கள் பல வழக்கொழிந்தன. ஆனால் மாலுமியும் வணிகனும் தச்சனும் கொண்டுவந்த போர்த்துகீசியச் சொற்கள் யாரும் அழைக்காமலே நம் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டன. ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, பீப்பாய், துவாலை, கோப்பை, மேஸ்திரி, பாதிரி, ஏலம், அன்னாசி ஆகியவை அவ்வழி வந்தவை. சேலத்து லீ பஜாரில் மஞ்சளுக்கும் இராசிபுரத்தில் நெய்க்கும் விலை கூவுகிறவர் 'ஏலம்' என்னும்போது அவர் அறியாமலே போர்த்துகீசியம் பேசுகிறார்.

கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள நம் சமவெளிக்கும் இந்த மரபு வந்து சேர்ந்தது. அண்டிரிக் அடிகளார் மறைந்த சில ஆண்டுகளில் மதுரைக்கு வந்த இத்தாலியர் இராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்ற பெயரில், 1623-இல் வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அவருக்குப் பின் வந்த போர்த்துகீசியருள் பல்தசார் தா கோஸ்தா ஒரு தமிழ் இலக்கணம் செய்தார். அந்தாவ் தெ புரோயென்சா 16,000-க்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டித் தமிழ்-போர்த்துகீசிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். அவர் 1666-இல் உயிர்நீத்த இடம் தொட்டியம். நாமக்கல்லிலிருந்து மோகனூர் வழியாகக் காவிரிக் கரையோடு சென்றால் எட்டிவிடும் ஊர். அவருடைய அகராதி 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சாயிற்று. இவையெல்லாம் நடந்து நூறாண்டுக்கு மேல் கழிந்த பின், 1792-இல்தான் சேலமும் பாரமகாலும் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தன. நம் பகுதிக் காதுகளில் ஆங்கிலம் விழுமுன்பே போர்த்துகீசியம் விழுந்திருக்கிறது.

முதுமையில் அடிகளாருக்கு இன்னொரு துயர் காத்திருந்தது. 1593-இல் இயேசு சபையும் யூத மரபினரைச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. அரை நூற்றாண்டு அச்சபைக்கு உழைத்த அவருக்கு அப்போது வயது 73. அவர் அன்று புதிதாக வந்து கதவைத் தட்டியிருந்தால் உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். அவ்விதி 1946 வரை நீடித்தது.

1600 பிப்ரவரியில் புன்னைக்காயலில் அவர் காலமானார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, தேவமாதா கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. கோவாவில் இறங்கியதிலிருந்து ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவர் போர்த்துகலுக்குத் திரும்பவில்லை.

அவருடைய நூல்கள் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 1950-களில் தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களில் இத்தகைய பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடிக் கண்டு உலகுக்கு அறிவித்தார். புரோயென்சாவின் அகராதியையும் 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். 'தம்பிரான் வணக்க'த்தின் படி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 'அடியார் வரலாறு' இராசமாணிக்கம் அடிகளாரின் முயற்சியால் 1967-இல் மறுபடி அச்சேறியது. இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருந்தது. ஹன்ஸ் ஃபெர்மேயர் என்னும் ஜெர்மானியர் 1982-இல் அதனைப் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் நம் தமிழறிஞர் வி. எஸ். இராஜமும் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கங்களுடன் 2013-இல் ஹார்வர்டு வழி வெளியிட்டனர். ஒரு போர்த்துகீசியர் தமிழ் கற்பதற்காக எழுதி வைத்த குறிப்பேட்டை இன்று நாம் படிக்க வேண்டுமானால், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்.